"நோ சிக்னல்" - ஒரு கறுப்புத் திரையின் வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம் என்று ஓர் ஊர். தேன் அபிஷேகத்துக்குப் பேர்போன அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். 2011 தேர்தலில் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் சட்டென்று ஞாபகம் வரும். அந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் மடியிலேயே உட்கார்ந்து வந்து, அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போகிறது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. லைட் எரிகிறது. ஆனால் மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்" என்று இரண்டே வார்த்தை. சற்று நேரத்தில் அதுவும் போய், முழுக் கறுப்பு!

ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இது அரை நாள் வேலை. கடைக்குப் போய் வேறு போர்டில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ரிஷிவந்தியத்தில் இருப்பவருக்கோ ஒரு நாள் சம்பளமும், போக வர பஸ் செலவும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. "கார்டு நல்லாத்தானே இருக்கு" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால்? அந்தப் பயணமே வீண்.

கார்டு உண்மையிலேயே செத்துவிட்டதா? அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் படம் உருவாகி மானிட்டருக்குப் போகும் வழியில் பல பேர் ஒத்துப்போக வேண்டும். போர்டு, கார்டு, கரண்ட், கேபிள், மானிட்டர், பயாஸ் என எல்லோரும். இதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் பிறந்தவர்கள். யாராவது ஒருவருக்கு இன்னொருவரின் பாஷை புரியாவிட்டாலும் திரை கறுப்புதான். அதனால் இந்தக் கறுப்புத் திரையைச் சரிசெய்யத் தெரிய வேண்டுமானால் அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 45 வருடக் கதை. சுவாரசியமானதும் கூட.

குட்டி சுவிட்சுகளின் காலம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம் நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். அந்தப் பெட்டியின் மதர்போர்டில் மானிட்டரை மாட்ட இடமே கிடையாது! படம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு வாங்கி மாட்ட வேண்டும். இரண்டு வகைக் கார்டு விற்றார்கள். ஒன்று எம்.டி.ஏ. எழுத்து மட்டும் காட்டும், ஒரே நிறம், ஒரு வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரி. இன்னொன்று சி.ஜி.ஏ. இதில் படம் போடலாம். 320க்கு 200 புள்ளிகள், நான்கு நிறம். ஆபீஸ் கணக்கு பார்ப்பவர்கள் முதலாவதை வாங்கினார்கள். விளையாட்டு, படம் என்று ஆசைப்பட்டவர்கள் இரண்டாவதை.

எந்தக் கார்டு மாட்டியிருக்கிறது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. மதர்போர்டில் எட்டு குட்டி சுவிட்சுகள் கொண்ட ஒரு தொகுதி இருந்தது. அதில் 5வது, 6வது சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி "இந்தக் கார்டுதான் இருக்கிறது" என்று மனிதர்தான் சொல்லித்தர வேண்டும். மாற்றித் தள்ளிவிட்டால் கார்டு நன்றாக இருந்தாலும் திரையில் எதுவும் சரியாக வராது. புதுக் கார்டு மாட்டி, திரை கறுப்பாகி, மனிதன் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வரலாறு அன்றே ஆரம்பித்துவிட்டது.

படமே வராதபோது பிரச்சினையை எங்கே எழுதிக் காட்டுவது? அதற்கு ஐ.பி.எம் செய்த ஏற்பாடு சத்தம். ஸ்பீக்கரில் ஒரு நீளமான பீப், இரண்டு குட்டி பீப் வந்தால் டிஸ்பிளே கார்டில் கோளாறு என்று அர்த்தம். இந்த ஏற்பாடு பிறகு மற்ற கம்பெனிகளின் பயாஸ்களுக்கும் பரவியது. அவார்டு பயாஸிலும் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளேதான். ஏ.எம்.ஐ பயாஸில் எட்டு பீப்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. எம்.டி.ஏ மானிட்டருக்கும் சி.ஜி.ஏ மானிட்டருக்கும் ஒரே மாதிரி 9 பின் சாக்கெட். ஆனால் உள்ளே ஓடும் சிக்னலின் வேகம் வேறு வேறு. மாற்றி மாட்டினால் மானிட்டரே பழுதாகும் அபாயம் உண்டு. "சாக்கெட்டில் பொருந்துகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கக் கூடாது என்பது அன்றே தெரிந்துபோன பாடம்.

தாய்லாந்து எழுத்தும் தமிழ் எழுத்தும்

எம்.டி.ஏ கார்டில் எழுத்துகளின் வடிவம் கார்டிலேயே இருந்த ஒரு ரோம் சிப்பில் பதிந்திருந்தது. மொத்தம் 256 வடிவங்கள். ஒவ்வொன்றும் 9க்கு 14 புள்ளிகள் கொண்ட ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு? உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் வைத்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் இத்தனையும் எங்கே வைப்பது? "ணை" மாதிரி அகலமான எழுத்தை ஒரு குட்டிக் கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? அதாவது அந்தக் காலத்தில் கார்டு நன்றாக வேலை செய்தாலும் தமிழனுக்குத் திரை ஒரு வகையில் கறுப்புதான்.

இதே கஷ்டம் தாய்லாந்துக்காரர்களுக்கும் இருந்தது. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து இன்ஜினியர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கம்ப்யூட்டரில் எழுத ஆசைப்பட்டார். கிடைத்த கார்டுகளில் அது முடியவில்லை. தானே ஒரு கார்டை வடிவமைத்தார். 1982ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு அதுதான். ஐ.பி.எம்மின் அதே ஒரே நிற மானிட்டரில் 720க்கு 348 புள்ளிகளில் எந்த வடிவத்தையும் வரையலாம். எழுத்து மட்டும் காட்டிய மானிட்டர் படமும் காட்ட ஆரம்பித்தது. கிராபிக்ஸ் கார்டு என்றாலே விளையாட்டுக்கு என்று நினைக்கிறோம். அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு படி, தன் தாய்மொழியில் எழுத நினைத்த ஒரு மாணவரின் பிடிவாதத்தால் வந்தது.

இந்தியாவிலும் இதே வேலை நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டியில் 1983ல் தேவநாகரி எழுத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் டெர்மினலின் முன்மாதிரி உருவானது. 1988ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்ட பிறகு அந்த முயற்சி "ஜிஸ்ட்" என்ற பெயரில் அங்கே தொடர்ந்தது. அங்கிருந்து வந்ததுதான் ஜிஸ்ட் கார்டு. கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் இதை மாட்டினால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டாஸ் புரோகிராம்களிலேயே தமிழ் உட்பட இந்திய எழுத்துகளைப் பார்க்கவும் தட்டவும் முடியும். எழுத்துகளுக்கான எண் முறையான இஸ்கி 1991ல் இந்தியத் தர நிர்ணயமாகவும் ஆனது.

பிறகு விண்டோஸ் வந்தது. எழுத்தின் வடிவம் கார்டை விட்டு ஃபான்ட் ஃபைலுக்குள் குடிபோனது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தும் பேச்சு நடந்தது. விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் தமிழும் விண்டோஸுக்குள் வந்தது. இன்று தமிழ் படிக்க தனிக் கார்டு வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படிப்பதே அதற்கு சாட்சி. அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கறுப்புத் திரை தீரவில்லை. அது வேறு இடத்துக்கு நகர்ந்தது.

கார்டு தானே பேச ஆரம்பித்தது

1984ல் ஐ.பி.எம் இ.ஜி.ஏ கார்டைக் கொண்டுவந்தது. இதை எப்படி இயக்குவது என்பது பழைய மதர்போர்டுகளுக்குத் தெரியாது. அதனால் கார்டிலேயே ஒரு சின்ன பயாஸை வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மதர்போர்டின் பயாஸ் குறிப்பிட்ட முகவரியில் போய்த் தேடும். அங்கே முதல் இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்தால் "யாரோ இருக்கிறார்கள்" என்று புரிந்துகொண்டு, வேலையைக் கார்டின் பயாஸிடம் ஒப்படைக்கும். இதில் ஒரு வேடிக்கை. பழைய மதர்போர்டில் இ.ஜி.ஏ கார்டை மாட்டினால் அந்தக் குட்டி சுவிட்சுகளை "டிஸ்பிளே கார்டே இல்லை" என்ற நிலையில் வைக்க வேண்டும். மற்றதைக் கார்டு பார்த்துக்கொள்ளும்!

1987ல் பி.எஸ்/2 கம்ப்யூட்டர்களோடு வி.ஜி.ஏ வந்தது. 15 பின், நீல நிற சாக்கெட் என்று இன்றும் பழைய மானிட்டர்களின் பின்னால் பார்க்கிறோமே, அதன் ஆரம்பம் இதுதான். 640க்கு 480 புள்ளி, 16 நிறம். அதன் பிறகு வந்த எல்லாக் கார்டுகளும் ஆன் ஆனவுடன் முதலில் வி.ஜி.ஏ பாஷை பேசின. கால் நூற்றாண்டுக்கு அந்த உடன்பாடு நிலைத்தது.

குட்டி சுவிட்சுகளின் வேலையை பேட்டரியில் உயிர்வாழும் சிமாஸ் நினைவகம் ஏற்றுக்கொண்டது. 1984ன் ஐ.பி.எம் ஏ.டி கம்ப்யூட்டரில் தொடங்கிய பழக்கம் அது. இன்றும் மெக்கானிக்குகள் "சிமாஸ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்று சொல்வது இதைத்தான். ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் அந்த பேட்டரியைக் கழற்றினால், பழைய கார்டை நம்பி வைத்த செட்டிங் எல்லாம் அழிந்து போர்டு புதிதாக யோசிக்க ஆரம்பிக்கும்.

பொருந்தினால் மட்டும் போதாது

1996ல் 3டி.எஃப்.எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாண விளையாட்டுகளுக்குப் புதுக் கதவைத் திறந்த கார்டு. ஆனால் சாதாரண விண்டோஸ் திரையைக் காட்ட அதற்குத் தெரியாது. பழைய கார்டும் உள்ளேயே இருக்க வேண்டும். பழைய கார்டிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு, வூடூவிலிருந்து இன்னொரு கேபிள் மானிட்டருக்கு. "புதுசு வந்தாச்சே, பழசு எதுக்கு" என்று கழற்றியவருக்குக் கிடைத்தது கறுப்புத் திரை.

அடுத்து ஏ.ஜி.பி ஸ்லாட். 1997 வாக்கில் போர்டுகளில் வந்தது. முதல் தலைமுறைக்கு 3.3 வோல்ட். 1998ன் இரண்டாம் தலைமுறைக்கு 1.5 வோல்ட். 2002ன் மூன்றாம் தலைமுறைக்கு 0.8 வோல்ட். மாற்றி மாட்டாமல் இருக்க கார்டில் வெட்டும் ஸ்லாட்டில் தடுப்பும் வைத்தார்கள். பயாஸுக்குள்ளும் "முதலில் பி.சி.ஐயைப் பார், அல்லது ஏ.ஜி.பியைப் பார்" என்று ஒரு செட்டிங். அது தப்பாக இருந்தால் கார்டு வேலை செய்துகொண்டே இருக்கும், படம் மட்டும் வேறு வாசல் வழியாகப் போகும்.

2004ல் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கொண்ட போர்டுகள் கடைக்கு வந்தன. இன்று வரை அதே வடிவம்தான். இதில் இயந்திரக் கோளாறு ஒன்று அடிக்கடி நடக்கும். கார்டு உள்ளே போய்விட்டது மாதிரி தெரியும், ஆனால் ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி "டக்" என்று விழுந்திருக்காது. அல்லது கேபினெட்டில் ஸ்குரூவை முறுக்கும்போது கார்டின் ஒரு முனை அரை மில்லி மேலே எழும்பிவிடும். கார்டை அழுத்தும் வேகத்தில் பக்கத்தில் இருக்கும் ராமும் லேசாக அசைந்துவிடலாம். அப்போதும் படம் வராது; பழி மட்டும் புதுக் கார்டின் மேல் விழும். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் மாட்டுவது நம்ம ஊர் மெக்கானிக்குகளின் கை வைத்தியம். பலமுறை அதுவே போதுமாகவும் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்ம ஊர் வரலாற்றையும் சொல்லவேண்டும். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1997ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. கம்ப்யூட்டர் பொருட்களின் மேல் இருந்த சுங்க வரி படிப்படியாக 2005க்குள் நீங்கியது. உதிரி பாகங்கள் ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் குவிந்தன. கம்பெனி கம்ப்யூட்டரைவிட "அசெம்பிள்டு" மலிவு என்பதால் வீடுகளுக்கு அதுவே வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இதில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. கம்பெனி பெட்டியில் எந்தப் பாகத்தோடு எது பொருந்தும் என்று பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு. அசெம்பிள்டு பெட்டியில் அந்தப் பொறுப்பு வாங்குபவரின் தலையில். விலையில் குறைந்தது, பொறுப்பில் கூடிவிட்டது. 2012 போர்டு, 2016 எஸ்.எம்.பி.எஸ், 2009 மானிட்டர், 2025 கார்டு என்று நான்கு தலைமுறை ஒரே கூரைக்குள் குடித்தனம் நடத்துவது நம்ம ஊரில் சகஜம்.

2011ல் இன்னொன்றும் நடந்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த லேப்டாப்பைத் திறந்து கிராபிக்ஸ் கார்டு மாட்ட ஸ்லாட் கிடையாது. அதில் கம்ப்யூட்டர் கற்றவர் பிறகு ஒரு நாள் டெஸ்க்டாப் பெட்டியைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் எல்லாமே முதல் அனுபவமாகத்தான் இருக்கும்.

கரண்டுக்குத் தனி வழி

ஆரம்பக் காலக் கார்டுகள் ஸ்லாட்டிலிருந்து வரும் கரண்டிலேயே ஓடின. 2000ல் வந்த வூடூ 5 5500 கார்டுக்கு ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் அதே நான்கு கம்பி வயர் தேவைப்பட்டது. 2002ன் ரேடியான் 9700 புரோவுக்கு ஃப்ளாப்பி டிரைவ் வயர். பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் வயர் இன்னொரு 75 வாட், 8 பின் வயர் 150 வாட் தரும். கார்டின் தலையில் இந்த சாக்கெட் இருந்து, வயர் மாட்டாமல் விட்டால், ஃபேன் சுற்றலாம், படம் வராது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பிராசஸருக்குப் போகும் 8 பின் வயரும் கார்டுக்குப் போகும் 8 பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. போகவில்லை என்றால் அழுத்தக் கூடாது. கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ்ஸில் வேறு கம்பெனி வயரை மாட்டவே கூடாது, கார்டே எரிந்துபோகலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்புவதைவிட, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று படிப்பது நல்லது. கார்டு வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான்.

2022ல் ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டோடு 600 வாட் வரை தாங்கும் 16 பின் சாக்கெட் பரவலானது. சில இடங்களில் அது உருகியதாகப் புகார்கள் வந்தன. வயர் முழுதாகச் செருகப்படாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்று என்விடியா அந்த வருடம் நவம்பரில் சொன்னது. 2023ல் அந்த சாக்கெட்டைத் திருத்தினார்கள். அதில் இருக்கும் உணர்வு பின்களைக் குட்டையாக்கினார்கள். வயர் சரியாக உள்ளே போகாவிட்டால் கார்டு கிளம்பவே கிளம்பாது. இங்கே கறுப்புத் திரை கோளாறு அல்ல, பாதுகாப்பு.

இரண்டு வாசல், ஒரு படம்

1999ல் இன்டெலின் 810 சிப்செட் வந்தது. டிஸ்பிளே போர்டுக்குள்ளேயே சேர்ந்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில் அது பிராசஸர் சிப்புக்குள்ளேயே போய்விட்டது. அப்படியென்றால் தனிக் கார்டு மாட்டிய பெட்டியின் பின்னால் மானிட்டர் வாசல் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே போர்டின் வாசல், கீழே கார்டின் வாசல். பல பயாஸ்கள் தனிக் கார்டைப் பார்த்ததும் போர்டு வாசலை மூடிவிடும். வீட்டில் இருப்பவரோ பழக்கதோஷத்தில் கேபிளைப் பழைய வாசலிலேயே மாட்டுவார். "நோ சிக்னல்!" சிரிப்பாக இருக்கும், ஆனால் புதுக் கார்டு கறுப்பாக இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

தலைகீழாகவும் ஒன்று உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு போர்டு வாசலில் மாட்டிச் சோதிப்பது நல்ல வழி. ஆனால் இன்டெல் பிராசஸரின் பெயர் "எஃப்" என்று முடிந்தால் அதற்குள் டிஸ்பிளே கிடையாது. 2019 முதல் வரும் ரகம் இது. ஏ.எம்.டியின் 2022க்கு முந்திய ரைசன் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றிலும் கிடையாது. அந்தப் பெட்டிகளில் போர்டு வாசல் வெறும் ஓட்டை. அங்கே படம் வராததை வைத்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டினால் தப்பு.

நீலக் கேபிளின் கடைசிக் காலம்

வி.ஜி.ஏ கேபிளில் ஓடுவது அனலாக் சிக்னல். 1999ல் டி.வி.ஐ, 2002 கடைசியில் எச்.டி.எம்.ஐ, 2006ல் டிஸ்பிளே போர்ட் என்று டிஜிட்டல் வந்தது. கொஞ்ச காலம் கார்டுகள் இரண்டையும் தந்தன. 2013ன் ரேடியான் ஆர்9 290, 2016ன் ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ் 1080 போன்றவை அனலாக்கை நிறுத்திவிட்டன. பழைய நீல கேபிள் மானிட்டரை இப்போது ஒரு குட்டி அடாப்டர் போட்டு மாட்டுவார்கள். அந்த அடாப்டர் வெறும் கம்பிகளை இணைக்கும் ரகமாக இருந்தால் படம் வராது. உள்ளே சிப் வைத்து டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். 1981ல் 9 பின் சாக்கெட் கற்றுத்தந்த அதே பாடம் இங்கே திரும்ப வருகிறது. பொருந்துவது வேறு, புரிவது வேறு.

கேபிளும் சரி, மானிட்டரும் சரி, பயாஸும் கூட இதில் சேரும். டிஸ்பிளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களில் சில கார்டுகள் விண்டோஸ் ஏறும் வரை கறுப்பாகவே நின்றன. 2018ல் என்விடியா அதற்கென்று கார்டின் ஃபர்ம்வேரைத் திருத்தும் புரோகிராமை வெளியிட்டது. அதுவரை எச்.டி.எம்.ஐயிலோ டி.வி.ஐயிலோ மாட்டிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

பழைய பயாஸும் புதிய கார்டும்

கடைசிச் சிக்கல் புதியது. கால் நூற்றாண்டு நிலைத்த அந்த வி.ஜி.ஏ உடன்பாடு மெதுவாக முடிவுக்கு வந்தது. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது யு.இ.எஃப்.ஐ என்ற புது பயாஸ் முறை பரவியது. இதில் கார்டு ஜி.ஓ.பி என்ற புதுப் பாஷையைப் பேச வேண்டும். பழைய பாஷைக்காரர்களுக்காக போர்டில் சி.எஸ்.எம் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். சி.எஸ்.எம் அணைந்திருக்கும் புது போர்டில் 2012க்கு முந்திய கார்டை மாட்டினால் பல நேரம் படம் வராது. பழைய போர்டில் புத்தம் புதுக் கார்டை மாட்டினாலும் இதே கதை நடக்கலாம். இது பழங்கதையும் அல்ல. 2025 மே மாதத்தில்கூட என்விடியா ஆர்.டி.எக்ஸ் 5060 வரிசைக்கு, சில போர்டுகளில் ரீபூட் செய்தால் திரை கறுப்பாவதைச் சரிசெய்ய ஒரு ஃபர்ம்வேர் புரோகிராமை வெளியிட வேண்டியிருந்தது.

செகண்ட் ஹாண்டு வாங்குபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்ட ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். கார்டு நல்லதுதான், அதன் பாஷை மட்டும் கெட்டிருக்கும்.

வரலாறு சொல்லும் வரிசை

இத்தனை வரலாற்றையும் படித்ததற்கு என்ன பலன்? சோதிக்கும் வரிசை கிடைக்கிறது. செலவில்லாததிலிருந்து செலவானதற்குப் போக வேண்டும்.

முதலில் கேபிள் கார்டின் வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பது. மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுப்பது. வேறு கேபிள், கார்டின் வேறு வாசல், முடிந்தால் வீட்டு டி.வி. இதற்குக் காசு கிடையாது.

அடுத்து பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, கொக்கி விழும் வரை மறுபடி மாட்டுவது. ராமையும் அப்படியே. கார்டின் பவர் வயரைக் கடைசி வரை செருகுவது.

பிறகு காது கொடுத்துக் கேட்பது. புது கேபினெட்டுகள் பலவற்றில் பீப் ஸ்பீக்கர் இருப்பதில்லை. பல போர்டுகளில் அதற்குப் பதிலாக வி.ஜி.ஏ என்று எழுதிய குட்டி லைட் எரியும். 1981ன் பீப்தான் இப்போது லைட்டாக மாறியிருக்கிறது.

பிறகு கார்டைக் கழற்றி, போர்டு வாசலில் படம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் பயாஸுக்குள் போய் சி.எஸ்.எம்மையும் முதல் டிஸ்பிளே செட்டிங்கையும் பார்க்கலாம். போர்டு கம்பெனியின் தளத்தில் புது பயாஸ் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் யு.பி.எஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. சிமாஸ் கிளியர் செய்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

கடைசியில்தான் இன்னொரு பெட்டி. பக்கத்துத் தெருவிலோ, கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடையிலோ வேறு நல்ல கம்ப்யூட்டரில் அந்தக் கார்டை மாட்டிப் பார்ப்பது. அங்கேயும் கறுப்பு என்றால்தான் கார்டைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. அப்போது பில்லையும் வாரண்டி கார்டையும் எடுத்துக்கொண்டு தைரியமாகப் பஸ் ஏறலாம். "என்னென்ன பார்த்தீங்க?" என்று கடைக்காரர் கேட்டால் வரிசையாகப் பதில் சொல்லலாம்.

அங்கே படம் வந்துவிட்டால்? கார்டின் மேல் குற்றமில்லை. வீட்டில் இருக்கும் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் வேறு ஒரு காலத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். எதை மாற்றுவது என்று அப்போது நிதானமாக யோசிக்கலாம்.

1981ல் இரண்டு குட்டி சுவிட்சுகளைத் தப்பாகத் தள்ளியவரும், இன்று கேபிளைத் தப்பு வாசலில் மாட்டியவரும் பார்ப்பது ஒரே கறுப்பைத்தான். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் கார்டு செத்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தால், ரிஷிவந்தியத்திலிருந்து சென்னைக்கு வீணாகப் போய்வரும் ஒரு பஸ் பயணமாவது மிச்சமாகும்.